கூடையும் கூண்டும் – பாகம் 6: உச்சியில் ஒரு விலகல்

முன்கதை: தாய் கேத்ரின் தனியாக நின்று வளர்த்த மகள் மாயா மூர். ஜெனோ ஆரியெம்மாவின் பயிற்சியில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி அவருடைய நான்கு ஆண்டுகளில் 150 ஆட்டங்களை வென்றது; தோற்றவை நான்கே. 2011-இல் அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏவின் வீராங்கனைத் தேர்வில் முதல் பெயர் அவருடையது. மின்னசோட்டா லிங்க்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே கோப்பை. 2013-இல் இன்னொன்று. 2014-இல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது. இனி…

* * *

2015, அக்டோபர் 9. இண்டியானாபொலிஸ்.

ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரில் இரு அணிகளும் ஆளுக்கொரு வெற்றியுடன் நின்றன. மூன்றாவது ஆட்டம் இண்டியானா ஃபீவரின் சொந்த ஊரில். எதிரே தமிக்கா கேட்சிங்ஸ், பதினைந்து ஆண்டுகளாக அந்த ஊரே தன் மகளாகக் கொண்டாடியவர். அரங்கம் முழுக்க அவர் பக்கம்.

ஆட்டம் 77-77. கடிகாரத்தில் மிச்சம் 1.7 விநாடி. பந்து லிங்க்ஸ் கையில்.

கூடைப்பந்து பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து உள்ளே வரும்போது கடிகாரம் உடனே ஓடாது. உள்ளே இருக்கும் ஒருவரின் கை பட்ட பிறகுதான் ஓடும். அதன்பின் இருப்பது 1.7 விநாடி. அதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தால் போதும். காற்றில் இருக்கும்போது மணி அடித்தாலும் புள்ளி செல்லும். ஆகவே இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் செய்வது ஒன்றே: பிடி, எறி.

லிண்ட்சே வேலன் வெளியிலிருந்து பந்தைத் தந்தார். மாயா மூர் ஓடிவந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பிடித்தார்.

எறியவில்லை.

எறிவதுபோல் பந்தை உயர்த்தினார். தடுக்க ஓடிவந்தவர் அதை நம்பித் துள்ளினார். துள்ளிய வேகத்தில் மாயாவைக் கடந்துபோனார். மாயா பந்தை ஒருமுறை தரையில் தட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, அப்புறம்தான் எழும்பினார். பந்து கையை விட்டது. பலகையின் விளக்கு சிவந்தது. பந்து வலைக்குள் இறங்கியது.

80-77.

அந்த ஆட்டத்தின் பதிவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பாக இருப்பது பந்து விழுந்தது அல்ல. நேரம் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான். மற்ற எல்லோருக்கும் 1.7 விநாடி ஒரு செயலுக்கான இடம். அவருக்கு அது மூன்று செயல்களுக்கான இடம். கையில் இருக்கும் காலத்தை எதற்குச் செலவிடுவது என்று தானே தீர்மானிக்கும் துணிச்சல் அவரிடம் இருந்தது. இந்தத் தொடரில் இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் அந்தத் துணிச்சல்தான் என்று நினைக்கிறேன்.

நான்காம் ஆட்டத்தை இண்டியானா பிடித்தது. அக்டோபர் 14 அன்று மின்னியாபொலிஸில் நடந்த ஐந்தாம் ஆட்டத்தில் லிங்க்ஸ் 69-52 என்று வென்றது. மாயாவுக்கு மூன்றாவது கோப்பை. வயது 26.

* * *

இப்போது நாம் எட்டு ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

2007 கோடை. மாயாவுக்கு 18 வயது. கனெக்டிகட்டுக்குப் புறப்படும் முன், தான் பிறந்த ஜெபர்சன் சிட்டிக்குப் போகிறார். மிசௌரி மாநிலத்தின் தலைநகரம் அது. அங்கே அதிகபட்சப் பாதுகாப்புள்ள மாநிலச் சிறை ஒன்றும் இருக்கிறது. அவருடைய உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அந்தச் சிறையில் இறைப்பணி செய்துவந்தார். அங்கே பழக்கமான ஒரு கைதியைத் தன் பிள்ளைபோல எண்ணி, குடும்பத்தாரையும் அழைத்துப்போய்ப் பார்த்துவந்தார். அந்தக் கோடையில் மாயாவும் உடன் போனார்.

கைதியின் பெயர் ஜோனதன் அயர்ன்ஸ். அப்போது வயது 27. அதில் பத்து ஆண்டுகள் கம்பிகளுக்குப் பின்னே கழிந்திருந்தன.

வழக்கு இது. 1997 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓஃபாலன் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் திருடன் புகுந்தான். வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீட்டுக்காரர் படுகாயமடைந்து உயிர் பிழைத்தார். கைதானவர் அயர்ன்ஸ், கறுப்பினத்தவர், 16 வயது. வயது வந்தவராகக் கருதி அவரை விசாரித்தார்கள். 1998-இல் உறுப்பினர் அனைவரும் வெள்ளையரான ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை 50 ஆண்டுகள்.

ஐம்பது ஆண்டுகள். முழுதும் அனுபவித்து வெளியே வந்தால் அறுபதைத் தாண்டியிருப்பார்.

அவரைக் குற்றத்தோடு இணைத்தவை என்ன? வீட்டுக்காரர் அவரை அடையாளம் காட்டினார். அவர் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக ஒரு துப்பறியும் காவலர் சொன்னார். அந்த விசாரணையின்போது வேறு காவலர் உடன் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. தான் ஒப்புக்கொள்ளவே இல்லை என்று அயர்ன்ஸ் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார். கைரேகை, இரத்தம், காலடித் தடம் என்று எதுவும் அவரை அந்த வீட்டுக்குள் கொண்டு நிறுத்தவில்லை.

மாயாவின் குடும்பத்தார் வழக்குக் கோப்புகளைக் கேட்டு வாங்கி, தாள் தாளாகப் படித்தார்கள். வழக்கறிஞர்கள் அல்ல அவர்கள், சாதாரண மனிதர்கள். அப்படிப் படித்தபோது அகப்பட்டது ஒரு கைரேகை அறிக்கை. அந்த வீட்டுக் கதவில் எடுத்த ஒரு ரேகை அயர்ன்ஸுடையதும் அல்ல, வீட்டுக்காரருடையதும் அல்ல என்று அது சொன்னது. விசாரணை நடந்த காலத்தில் அயர்ன்ஸின் வழக்கறிஞர் கைக்கு அது வந்து சேரவில்லை.

யாருடைய ரேகை அது? அந்தக் கேள்வியை ஜூரி கேட்டிருக்கவே முடியாது. அப்படி ஒரு ரேகை இருப்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இளம்பெண் மாயா அந்தக் கோடை முடிந்ததும் கனெக்டிகட் போனார். கோப்பைகளும் விருதுகளும் வந்தன. ஆனால் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் நிற்கவில்லை. மாயா புகழின் ஒவ்வொரு படியிலும் ஏறியபோது, ஜெபர்சன் சிட்டியில் ஒருவர் அதைச் சிறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியுலகுக்கு இது பல ஆண்டுகள் தெரியாது.

* * *

வெளியுலகுக்கு முதல் அறிகுறி கிடைத்த நாள் 2016, ஜூலை 9.

அந்த வாரம் அமெரிக்காவே கொதித்துக்கொண்டிருந்தது. ஜூலை 5 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஆல்டன் ஸ்டெர்லிங் என்ற கறுப்பினத்தவர் காவலர் கையில் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் மின்னசோட்டாவிலேயே, லிங்க்ஸ் அரங்கத்திலிருந்து அதிக தொலைவில்லாத ஃபால்கன் ஹைட்ஸில், காரில் உட்கார்ந்திருந்த ஃபிலாண்டோ காஸ்டீல் சுடப்பட்டு இறந்தார். அதற்கும் மறுநாள் டாலஸில் பதுங்கியிருந்து சுட்ட ஒருவன் ஐந்து காவலர்களைக் கொன்றான்.

ஜூலை 9 ஆட்டத்தில் லிங்க்ஸை எதிர்த்து ஆட வந்த அணியும் டாலஸ்தான்.

ஆட்டத்துக்கு முன் லிங்க்ஸ் வீராங்கனைகள் கறுப்புச் சட்டை அணிந்து களத்துக்கு வந்தார்கள். மாற்றம் நம்மிடம் தொடங்கட்டும், நீதியும் பொறுப்பும் வேண்டும் என்று முன்புறம் எழுதியிருந்தது. பின்புறத்தில் இறந்த இருவரின் பெயர்கள், டாலஸ் காவல்துறையின் சின்னம், கறுப்பின உயிர்களும் மதிப்புள்ளவை என்னும் முழக்கம். காவலர்களின் சாவையும் மற்ற இருவரின் சாவையும் ஒரே துணியில் வைத்துத் துக்கப்பட்டார்கள். இதைவிடப் பொறுப்பாக ஒரு எதிர்ப்பைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அணியின் நான்கு தலைவிகள் செய்தியாளர்கள் முன் வந்தார்கள்: மாயா, வேலன், சிமோன் அகஸ்டஸ், ரெபெக்கா பிரன்சன். மூவர் கறுப்பினத்தவர்; வேலன் வெள்ளையர், மின்னசோட்டா மண்ணின் மகள். நால்வரும் அருகருகே நின்றார்கள்.

அன்று அரங்கப் பாதுகாப்புக்கு வந்திருந்த, பணி நேரத்தில் இல்லாத காவலர் நால்வர் வெளியேறினார்கள். காவலர் சங்கத் தலைவர் அவர்களைப் பாராட்டினார். அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது எழ மறுத்து நாட்டையே இரண்டாக்கியது இதற்குப் பல வாரங்கள் கழித்துத்தான். வரலாறு அவருடைய பெயரை நினைவில் வைத்தது. இந்தப் பெண்கள் முந்திக்கொண்டதை அரைகுறையாகவே நினைவில் வைத்தது.

அதற்குப் பின் மாயா பேசத் தொடங்கினார். அமெரிக்கக் குற்றவியல் நடைமுறையில் அரசு வழக்கறிஞர்களுக்கு இருக்கும் அளவற்ற அதிகாரம் பற்றிப் பேசினார். அயர்ன்ஸின் பெயரையும் சொல்லத் தொடங்கினார்.

* * *

இடையில் பந்தும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2016 இறுதித் தொடர், ஐந்தாம் ஆட்டம். கடைசி விநாடிகளில் மாயா ஒரு கூடை போட்டு அணியை 76-75 என்று முன்னே கொண்டுவந்தார். 3.1 விநாடி மிச்சம் இருக்கையில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸின் நேக்கா ஓகுமிகே, தவறி வந்த பந்தைப் பிடித்துக் கூடைக்குள் தள்ளினார். 77-76, கோப்பை கைநழுவியது. அதே ஆட்டத்தில் சற்று முன்பு ஓகுமிகே போட்ட இன்னொரு கூடை, எறிய வேண்டிய நேரம் கடந்தபின் போடப்பட்டது. அது செல்லுபடியாகியிருக்கக் கூடாது என்று லீகே மறுநாள் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதால் முடிவு மாறவில்லை.

2017-இல் அதே ஸ்பார்க்ஸை லிங்க்ஸ் ஐந்து ஆட்டங்களில் வென்றது. மாயாவின் ஏழு பருவங்களில் ஆறு இறுதித் தொடர்கள், நான்கு கோப்பைகள். கூடவே 2012 லண்டன், 2016 ரியோ ஒலிம்பிக் தங்கங்கள்.

* * *

இந்தக் கதையில் பலர் வேகமாகக் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. நான் அங்கே நின்று பேச விரும்புகிறேன்: சம்பளம்.

2018-இல் டபிள்யூஎன்பிஏவில் ஒரு வீராங்கனை ஒரு பருவத்துக்குப் பெறக்கூடிய உச்சச் சம்பளம் ஏறத்தாழ 1,15,000 டாலர். அதே காலத்தில் ஆண்களின் என்பிஏவில், பெயர் தெரியாத புதுமுகத்துக்குக்கூடக் குறைந்தபட்சச் சம்பளம் 8 லட்சம் டாலருக்கு மேல். பெண்கள் பருவம் மே மாதம் தொடங்கி அக்டோபருக்குள் முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் என்ன செய்வது? விமானம் ஏற வேண்டியதுதான்.

மாயாவும் ஏறினார். 2012 தொடக்கத்தில் ஸ்பெயினின் வலென்சியா; அங்கே ஐரோப்பியக் கோப்பை. பிறகு மூன்று குளிர்காலங்கள் சீனாவில் ஷான்சி அணிக்கு; மூன்று முறையும் சீன லீகின் கோப்பை. 2018-இல் ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க். அங்கேயும் ஐரோப்பியக் கோப்பை. இவற்றோடு தேசிய அணி. பள்ளி நாள் தொட்டு அவர் உடல் ஓய்ந்த காலம் மிகக் குறைவு.

இது மாயா ஒருவரின் கதை அல்ல. ஃபீனிக்ஸ் அணியின் டயானா டராசி 2015-இல் டபிள்யூஎன்பிஏ பருவம் முழுவதையும் விட்டுவிட்டார். காரணம், யெகாத்தரின்பர்க் அணி அவரை ஓய்வெடுக்கச் சொன்னது. ஓய்வெடுப்பதற்கே அமெரிக்காவில் அவர் ஆடிச் சம்பாதிப்பதைவிட அதிகம் தந்தது. தன் நாட்டில் ஆடுவதைவிடத் தன் நாட்டில் ஆடாமல் இருப்பதற்குக் கூடுதல் காசு! உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை அமெரிக்கா அந்த நிலையில்தான் வைத்திருந்தது.

மாயாவுக்கு இந்த ஓட்டத்தின் விலை புரிந்திருந்தது. ஒரு மனிதரின் ஆண்டில் பன்னிரண்டு மாதங்களும் விற்றுப்போனால், நெருங்கியவர் ஒருவருடைய நீதிமன்றக் கோப்பை எடுத்து உட்கார எந்த மாதம் மிஞ்சும்? வழக்கறிஞர்களைச் சந்திக்க, கையெழுத்துத் திரட்ட, சிறைக்குப் போய் எதிரே உட்கார எந்த வாரம் மிஞ்சும்? களைப்பால் விலகினார் என்று சிலர் எழுதினார்கள். கடமைக்காக விலகினார் என்று வேறு சிலர் எழுதினார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது தவறு. அந்தக் களைப்புத்தான் கடமைக்கு இடம் இல்லாமல் செய்தது.

* * *

2018 கோடை. ஜூலை 28 அன்று மின்னியாபொலிஸில், சொந்த மக்கள் முன்னிலையில், நட்சத்திர ஆட்டத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராக மாயா தேர்வானார். தொடர்ந்து மூன்றாவது முறை.

சரியாக 24 நாள் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. லிங்க்ஸ் 75-68 என்று தோற்றது. லிண்ட்சே வேலன் ஓய்வு பெறுகிறார் என்று முன்னரே அறிவித்திருந்ததால் எல்லார் கண்ணும் அவர் மேல். மாயாவைக் கவனிக்க அன்று யாருக்கும் காரணம் இல்லை.

செப்டம்பரில் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் உலகக் கோப்பை. அமெரிக்கா தங்கம் வென்றது. அந்த அணியில் மாயா இல்லை. போகவில்லை. குளிர்காலத்தில் எந்த வெளிநாட்டு அணியிலும் அவர் பெயர் இல்லை.

சிலர் இப்போது கவனித்தார்கள்.

2019, பிப்ரவரி 5. விளையாட்டு வீரர்கள் தங்கள் குரலிலேயே எழுதும் இணைய இதழான பிளேயர்ஸ் டிரிப்யூனில் மாயா ஒரு கட்டுரை வெளியிட்டார். வரும் பருவத்தில் தொழில்முறை ஆட்டம் எதிலும் ஆடப்போவதில்லை என்றார். இத்தனை ஆண்டு தர முடியாத நேரத்தைக் குடும்பத்துக்கும் இறைப்பணிக்கும் தரப்போவதாகச் சொன்னார். ஓய்வு பெறுவதாக அறிவிக்கவில்லை. திரும்பும் தேதியும் தரவில்லை.

வயது 29. காயம் இல்லை. திறன் குறையவில்லை. நிர்வாகத்தோடு சண்டையும் இல்லை. உலகின் மிகச் சிறந்த கூடைப்பந்து வீராங்கனை என்று பலரும் ஒப்புக்கொண்ட ஒருவர், அந்தப் பட்டம் கையில் இருக்கும்போதே களத்தை விட்டு நடந்தார். பேஸ்பால் ஆடப் போன மைக்கேல் ஜோர்டனோடு சிலர் ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு பொருந்தாது. ஜோர்டன் இன்னொரு விளையாட்டுக்குப் போனார். மாயா போனது ஒரு சிறைக்கதவை நோக்கி.

பயிற்சியாளர் ஷெரில் ரீவ் அவர் முடிவை மதித்தார். ரசிகர்கள் தடுமாறினார்கள். எதற்காக என்ற கேள்விக்கு அந்தக் கோடையில்தான் முழுப் பதில் கிடைத்தது. அயர்ன்ஸின் வழக்கை நடத்தவே தன் நேரத்தைச் செலவிடுகிறேன் என்று மாயா வெளிப்படையாகச் சொன்னார். தவறான தீர்ப்புகளை உடைப்பதில் பெயர் பெற்ற, கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் கென்ட் ஜிப்சனை அமர்த்தவும் உதவினார்.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு விளையாட்டு வீராங்கனையின் உச்ச ஆண்டுகள் எண்ணி வைத்தவை. முப்பதைத் தொடும் வயதில் விட்ட ஒரு பருவம் திரும்பி வராது. அந்த ஏப்ரலிலேயே, முந்தைய ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பிரியன்னா ஸ்டூவர்ட், ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் குதிகால் தசைநாண் கிழிந்து அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். உடல் எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாத தொழில் இது. அப்படிப்பட்ட தொழிலில் நல்ல உடலோடு ஓராண்டை மாயா இன்னொருவருக்குக் கொடுத்தார். பதிலுக்கு என்ன கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை. அயர்ன்ஸின் முந்தைய மேல்முறையீடுகள் எல்லாம் தோற்றவை.

* * *

2019 மே மாதம் புதிய பருவம் தொடங்கியது. லிங்க்ஸ் அணியில் மாயாவின் 23-ஆம் எண் சட்டையை யாரும் அணியவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 9. ஜெபர்சன் சிட்டி நீதிமன்றம். அயர்ன்ஸின் ஆட்கொணர்வு மனு நீதிபதி டேனியல் கிரீன் முன் விசாரணைக்கு வந்தது. கைகால்களில் விலங்கோடு அழைத்துவரப்பட்டவருக்கு இப்போது வயது 39. பார்வையாளர் வரிசையில் மாயா. மேசை மேல் அந்தக் கைரேகைத் தாள்.

இருபத்தொரு ஆண்டு பழைய தீர்ப்பை, ஜூரி கண்ணில் படாத ஒரே ஒரு ரேகைக்காக அந்த நீதிபதி உடைப்பாரா? உடைக்க மறுத்தால், இரண்டாவது ஆண்டையும் கொடுக்க மாயா துணிவாரா?

(அடுத்த வாரம் தொடரும்)